ஒரு மூட்டை யூரியா எங்கே போகிறது?

சம்பா நடவு முடிந்து இருபது, இருபத்தைந்து நாள் ஆனதும் எங்கள் வீட்டில் மேலுரம் போடும் வேலை வரும். வெயில் தாழ்ந்த பிறகுதான் அப்பா வயலில் இறங்குவார். யூரியாச் சட்டியோடு நான் வரப்பில் நிற்பேன். ஈரக் கையால் அந்த வெள்ளைக் குருணையை அள்ளினால் கை ஜில்லென்று ஆகிவிடும். யூரியா தண்ணீரில் கரையும்போது சுற்றியிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஐந்தாறு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் வெளிறிக் கிடந்த வயல் கரும்பச்சை கட்டியிருக்கும். மன்னார்குடிப் பக்கத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதில்லை.

ஒரு மூட்டை இன்று 45 கிலோ. விலை 266 ரூபாய் 50 காசு. அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது நாம் சொல்லும் தழைச்சத்து. கணக்குப் போட்டால் 20 கிலோ 700 கிராம் வரும். இதை உரக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே மூட்டைக்குள் 9 கிலோ கார்பனும் இருக்கிறது என்பதை அதிகம் பேர் யோசிப்பதில்லை. ஒரு கார்பன் அணுவின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு நைட்ரஜன் அணு ஏறி உட்கார்ந்திருப்பதுதான் யூரியா. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கார்பன் சுழற்சி ஒரு பக்கம், நைட்ரஜன் சுழற்சி இன்னொரு பக்கம் என்று அம்புக்குறி போட்டு வரைந்திருப்பார்கள். வயலில் அவை தனித்தனியாகச் சுற்றுவதில்லை; ஒன்றின் கையை இன்னொன்று பிடித்துக்கொண்டுதான் சுற்றுகின்றன. இந்த ஒரு மூட்டையின் பின்னாலேயே போனால் அது நன்றாகத் தெரியும்.

முதலில் நைட்ரஜன். காற்றில் 78 சதவீதம் அதுதான். நீங்கள் நிற்கும் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே வானம் முட்ட இருக்கும் காற்றில் ஏறத்தாழ 8 டன் நைட்ரஜன் இருக்கிறது. ஒரு ஏக்கர் சம்பா நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படுவதோ சுமார் 60 கிலோ. தலைக்கு மேல் இவ்வளவு இருந்தும் பயிர் தழைச்சத்துக்குத் தவிப்பதற்குக் காரணம், காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து மூன்று பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதுதான். இயற்கையில் கிடைக்கும் மிக வலுவான பிணைப்புகளில் அது ஒன்று. அதை உடைக்கச் செடிக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மின்னல் வெட்டும் நேரத்தில் கொஞ்சம் உடைகிறது. மீதி வேலை முழுவதையும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சில நுண்ணுயிர்கள் மட்டுமே செய்துவந்தன.

அந்த வேலையைக் கண்ணால் பார்க்க முடியும். பூக்கத் தொடங்கும் உளுந்துச் செடி ஒன்றை மண்ணோடு மெதுவாகப் பெயர்த்தெடுத்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரில் கடுகளவு, மிளகளவு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம்தான் அங்கேயும் இருக்கிறது. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா நைட்ரஜனை உடைக்கப் பயன்படுத்தும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது. அதனால் ஆக்சிஜனைப் பிடித்து அளந்து கொடுக்க அந்தச் சிவப்புப் புரதம் காவல் இருக்கிறது. சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். வெளுத்தோ பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

இந்த வேலைக்குக் கூலி உண்டு. இலை வெயிலில் நின்று செய்த சர்க்கரையைச் செடி வேருக்கு அனுப்பி பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. பதிலுக்கு அது நைட்ரஜனைச் செடி எடுத்துக்கொள்ளும் வடிவில், அதாவது அம்மோனியமாகத் தருகிறது. கார்பனைக் கொடுத்து நைட்ரஜன் வாங்கும் வியாபாரம் என்று வைத்துக்கொள்ளலாம். செடியால் எவ்வளவு சர்க்கரை கொடுக்க முடியுமோ அந்த அளவுக்குத்தான் நைட்ரஜன் உள்ளே வரும். நிலத்துக்கு இயற்கை வைத்திருந்த அளவுகோலே அதுதான்.

அந்த அளவுகோலை மனிதன் தாண்டியது 1909இல். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர், கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா சொட்டுவதைச் செய்துகாட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்குப் பெரிதாக்க, 1913இல் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. இருவருக்கும் வெவ்வேறு ஆண்டுகளில் நோபல் பரிசு கிடைத்தது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாப்பாடு இந்த முறையில் விளைந்த உரத்தை நம்பி இருக்கிறது. நம் உடம்பின் புரதத்தில் இருக்கும் நைட்ரஜனிலும் ஏறத்தாழப் பாதி, எங்கோ ஓர் ஆலையின் உலைக்குள் போய் வந்ததுதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் தாத்தா காலத்துப் பஞ்சக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். யூரியாவைத் திட்டுவது எனக்கு எளிதில்லை.

ஆனால் அந்த உலைக்கு வேண்டிய ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இருந்து. சில நாடுகளில் நிலக்கரியில் இருந்து. அதாவது உளுந்து தன் சர்க்கரையைக் கொடுத்து வாங்கியதை நாம் பூமிக்கடியில் புதைந்திருந்த பழைய கார்பனைக் கொடுத்து வாங்குகிறோம். நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. நெய்வேலியில் 1960களில் யூரியா ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் அங்கே வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியையே வாயுவாக்கித்தான் உரம் செய்தார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் விழுந்து மூடிப்போன காட்டின் கார்பன், தஞ்சாவூர் நெல்லுக்குத் தழைச்சத்தாக வந்து சேர்ந்த வழி அது. அந்த ஆலை இப்போது இல்லை. நிலக்கரி மின்சாரமாகப் போகிறது.

சரி, கார்பன் பக்கம் வருவோம். பூமியின் மேல் நிற்கும் செடி கொடிகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் காற்றிலிருந்து இழுக்கும் கார்பன் 12,000 கோடி டன்னுக்கு மேல் இருக்கும். ஏறத்தாழ அதே அளவு மூச்சாகவும் மக்கலாகவும் தீயாகவும் திரும்பிப் போய்விடும். நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு எரித்து நாம் சேர்ப்பது ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன். பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லையே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு குளத்துக்கு வரத்தும் போக்கும் சமமாக இருக்கும்வரை எவ்வளவு தண்ணீர் ஓடினாலும் மட்டம் மாறாது. சின்ன வாய்க்கால் ஒன்றைப் புதிதாக வெட்டி உள்ளே விட்டு, வடிகாலைப் பெரிதாக்காமல் இருந்தால், மட்டம் ஏறிக்கொண்டே போகும். நாம் விடும் கார்பனில் பாதிக்கும் சற்றுக் கூடுதலானதைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்குகிறது.

அந்த மட்டத்தை ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 முதல் அளந்துவருகிறார்கள். தொடங்கிவைத்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். அப்போது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு அளவில் இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. ஆலைகள் வருவதற்கு முந்தைய காலத்தில் 280தான். அந்த வரைபடத்தில் ஏறுமுகத்தோடு இன்னொன்றும் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் உச்சத்துக்குப் போய், செப்டம்பர் வாக்கில் கீழே இறங்கி, மறுபடி ஏறும். வடபாதி உலகத்துக் காடுகளும் பயிர்களும் துளிர்த்து இழுப்பதும், உதிர்ந்து விடுவதும் அப்படிப் பதிவாகிறது. ஓர் எரிமலைச் சரிவில் நின்று உலகத்தின் மூச்சை எண்ண முடிகிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. ஏறியது எரிபொருளின் கார்பன்தான் என்பதற்கும் சான்று உண்டு. கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கார்பனில் கதிரியக்கக் கார்பன்-14 துளியும் மிஞ்சியிருக்காது. அது கலக்கக் கலக்கக் காற்றின் கார்பன்-14 விகிதம் நீர்த்துக்கொண்டே வருவதை அளந்திருக்கிறார்கள்.

இப்போது அப்பா தெளித்த யூரியாவுக்குத் திரும்பலாம். ஏன் வயல் கருக்கிறது? காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையை இலைக்குள் ரூபிஸ்கோ என்ற நொதி செய்கிறது. அது கொஞ்சம் மந்தமான வேலைக்காரன். அதனால் செடி அதை மூட்டை மூட்டையாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நெல் இலையில் இருக்கும் நைட்ரஜனில் கால் பங்குக்குக் குறையாமல் இந்த ஒரு நொதியில் மட்டும் முடங்கியிருக்கும். பச்சையத்துக்கும் நைட்ரஜன் வேண்டும். ஆக, தழைச்சத்து குறைந்தால் கார்பனைப் பிடிக்கும் கை குறைகிறது, இலை வெளிறுகிறது. யூரியா விழுந்ததும் கை முளைக்கிறது, இலை கருக்கிறது. பயிர் கரும்பச்சையானது என்றால் கார்பனை வேகமாக இழுக்கத் தயாராகிவிட்டது என்றே அர்த்தம்.

ஆனால் போட்ட 20 கிலோ 700 கிராமும் பயிருக்குப் போகவில்லை. நெல் வயலில் போட்ட தழைச்சத்தில் அந்தப் போகத்துப் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான். கொஞ்சம் மண்ணில் தங்கும். மற்றது போய்விடும். போகும் வழியைப் பார்த்தால்தான் மனசு கனக்கும்.

யூரியா நீரில் கரைந்ததும் மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதைப் பிரித்துவிடுகிறது. இரண்டு தோளிலிருந்தும் நைட்ரஜன் அம்மோனியமாக இறங்குகிறது. நடுவில் இருந்த கார்பன் கரியமில வாயுவாகக் கிளம்புகிறது. ஒரு மூட்டைக்கு இப்படி 33 கிலோ கரியமில வாயு. அடுத்து நடப்பது, தேங்கிய தண்ணீரில் மதிய வேளையில் நடக்கும் ஒரு விஷயம். வயல் தண்ணீரில் பாசி இருக்கும். வெயில் ஏற ஏற அந்தப் பாசி தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை இழுத்துத் தன் உணவைச் செய்யும். கரியமில வாயு குறையக் குறையத் தண்ணீரின் அமிலத்தன்மை போய்க் காரம் ஏறும். காலையில் 7க்குப் பக்கத்தில் இருந்த பி.எச். அளவு நடுமதியத்தில் 9ஐயும் தாண்டிவிடும். 7இல் இருக்கும்போது கரைந்திருக்கும் அம்மோனியத்தில் நூற்றில் ஒரு பங்குதான் அம்மோனியா வாயுவாக மாறும் நிலையில் இருக்கும். 9ஐத் தொட்டால் ஏறத்தாழப் பாதி அந்த நிலைக்கு வந்துவிடும். அப்புறம் ஒரு காற்று அடித்தால் போதும். தேங்கிய தண்ணீரில் தூவிய யூரியாவில் சில சமயம் பாதி வரை இப்படியே வானத்துக்குப் போவது அளந்து பார்த்த உண்மை. பாசியின் கார்பன் பசி, பயிரின் நைட்ரஜனைத் துரத்திவிடுகிறது.

வெயில் தாழ்ந்த பிறகு, தண்ணீரை வடித்துச் சேறு தெரியும்படி வைத்துக்கொண்டு மேலுரம் போட வேண்டும் என்ற பழக்கத்துக்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போடச் சொல்வதும் இதற்காகத்தான். 2015 முதல் நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேம்பெண்ணெய் பூசியே வர வேண்டும் என்று ஆக்கினார்கள். வேம்பின் கசப்பு, அம்மோனியத்தை நைட்ரஜனின் இன்னொரு வடிவமான நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை மந்தப்படுத்தும்.

நைட்ரேட்டாக மாறினால் என்ன கெட்டுவிடும்? அங்கேதான் இரண்டாவது ஓட்டை. நெல் வயல் சேற்றில் மேல்தோல் போல மெல்லிய ஓர் அடுக்கில் மட்டும் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. மேலடுக்கில் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. அந்த நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கினால், அங்கே ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு மூச்சு விடும். மிச்சமாகும் நைட்ரஜன் மறுபடி வாயுவாகிப் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். ஆலையில் அத்தனை எரிவாயு செலவழித்து உடைத்த பிணைப்பு, சேற்றில் சத்தமில்லாமல் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. முழுக்க ஒட்டினால்கூடப் பரவாயில்லை. பாதி வழியில் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக ஒரு பங்கு தப்பிப் போகிறது. அது நூறாண்டுக்கு மேல் வானத்தில் தங்கும். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமில வாயு அளவுக்குச் சூடேற்றும். புன்செய் நிலத்தில் போட்ட நைட்ரஜனில் தோராயமாக ஒரு சதவீதம் இப்படிப் போகும் என்பது உலக அளவில் கையாளும் கணக்கு. ஒரு மூட்டைக்கு வைத்துப் பார்த்தால் சுமார் 325 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. கைக்கு அடங்கும் எடை. ஆனால் அது கிட்டத்தட்ட 89 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நீர் கட்டிய நெல் வயலில் இந்தப் பங்கு இதைவிடக் குறைவு. சேறு வேறொரு வாயுவை விடுகிறது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

மூன்றாவது வழி தண்ணீர். நைட்ரேட்டை மண் பிடித்து வைக்காது, கரைந்து ஓடிவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. அதிகமானால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி நாட்டில் எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. அதிகம் தாண்டிய மாநிலங்களின் வரிசையில் ராஜஸ்தான், கர்நாடகத்தோடு தமிழ்நாடும் இருக்கிறது. எல்லாப் பழியும் உரத்துக்கு மட்டும் உரியதில்லை. ஒழுங்காகக் கட்டாத கழிவுத்தொட்டிகளும் சாக்கடையும் அதே நைட்ரேட்டைத்தான் மண்ணுக்குள் இறக்குகின்றன. மேலே குளம் குட்டைகளில் ஆகாயத்தாமரை படர்ந்து கிடப்பதற்கும் இந்த இரண்டும்தான் தீனி.

ஆறு கடலில் சேரும் இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு மெக்சிகோ வளைகுடா பெரிய பாடம். மிசிசிப்பி ஆறு மக்காச்சோள நிலங்களின் நைட்ரஜனை அள்ளிக்கொண்டு வந்து கொட்ட, பாசி பெருகி, செத்து, அடியில் மக்கும்போது தண்ணீரின் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. 2017இல் 22,700 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பின் அடியில் மீனும் இறாலும் வாழ முடியாமல் போனது. நைட்ரஜன் கூடியதால் கார்பன் பெருகி, அந்தக் கார்பன் மக்கி மூச்சை அடைத்த கதை அது. எங்கள் மன்னார்குடியைத் தொட்டு ஓடும் பாமணியாறு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகிறது. காவிரி டெல்டாவின் வடிகால் ஆறுகள் பலவும் அங்கேதான் கடலைத் தொடுகின்றன. அலையாத்திச் சேறு வரும் நைட்ரேட்டில் ஒரு பகுதியை வாயுவாக்கிவிடும். தன் காலடியில் கார்பனை நூற்றாண்டுக் கணக்கில் புதைத்தும் வைக்கும். இந்தக் காடு புயலை மட்டும் தடுக்கவில்லை.

நெல் வயல் சேற்றில் நடக்கும்போது கால் வைத்த இடத்தில் குமிழ் கிளம்பும். நடவு ஆட்களின் காலடியில் அது கொப்பளித்துக்கொண்டே இருக்கும். அதில் பெரும்பங்கு மீத்தேன். சேற்றுக்குள் ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்த பிறகு, வைக்கோல், வேர், பழைய நெல் தாள் எல்லாவற்றின் கார்பனையும் மீத்தேனாக மாற்றும் நுண்ணுயிர்கள் அங்கே இருக்கின்றன. குமிழாக வருவது கொஞ்சம்தான். பத்தில் ஒன்பது பங்கு நெல் செடியின் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. தண்ணீருக்குள் நிற்கும் வேருக்குக் காற்று அனுப்ப நெல் தன் தண்டில் வைத்திருக்கும் குழாயையே மீத்தேன் புகைபோக்கியாக்கிக்கொள்கிறது. மனிதச் செயலால் வரும் மீத்தேனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உலகின் நெல் வயல்களில் இருந்து வருகிறது.

இதற்கு மருந்து டெல்டாக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். காய்ச்சலும் பாய்ச்சலும். கட்டிய தண்ணீர் வற்றி, மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்ட பிறகு அடுத்த தண்ணீர். வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் போனதும் மடையைத் திறக்கிறார்கள். சேற்றுக்குள் காற்று புகுந்தால் மீத்தேன் செய்யும் உயிர்கள் அடங்கிவிடும். மீத்தேன் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரை குறையும், தண்ணீரும் மிஞ்சும். ஆனால் காற்று புகுந்தால் அம்மோனியம் நைட்ரேட்டாகும். அடுத்த தண்ணீர் கட்டியதும் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். கார்பனை அடக்கப் போனால் நைட்ரஜன் தலை தூக்குகிறது. மொத்தத்தில் லாபம்தான், ஆனால் யூரியாவை அளந்து போட்டால் மட்டும்.

அளவு பற்றிப் பேசும்போது விவசாயியைக் கைநீட்டிப் பேசுவது எனக்குப் பிடிக்காது. 2010இல் உரமானிய முறையை மாற்றியபோது மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலை மேலே போக விடப்பட்டது. யூரியா மட்டும் அந்த மாற்றத்துக்குள் வரவில்லை. கடையில் நிற்பவர் கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அதைத்தான் வாங்குவார். இலை கருக்கிறதே என்ற நிம்மதியும் சேர்ந்துகொள்கிறது. அந்தக் கருப்புக்குப் பின்னாலேயே குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வந்து, கடைசியில் மழைக் காற்றில் பயிர் சாய்ந்தும் போகும். நாட்டில் ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கு மேல் யூரியா செலவாகிறது. இலை வண்ண அட்டை என்று பச்சைப் பட்டைகள் அச்சடித்த ஒரு சின்ன அட்டை இருக்கிறது. இலையை அதன்மேல் வைத்துப் பார்த்து, வெளிறியிருந்தால் மட்டும் உரம் போட்டால் போதும். இவ்வளவு எளிதான ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இல்லாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதையெல்லாம்விட அடிப்படையான ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணின் மக்கில் பத்து, பன்னிரண்டு பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற கணக்கு உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். நைட்ரஜன் மண்ணில் நிரந்தரமாகத் தங்க வேண்டுமென்றால் கார்பனோடு சேர்ந்துதான் தங்க முடியும். கார்பன் இல்லாத மண்ணில் எத்தனை மூட்டை கொட்டினாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கார்பன், அதாவது மக்கில் இருக்கும் கார்பன், 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று போடுவார்கள். நம் பக்கத்து அட்டைகளில் அந்தச் சொல்லைத்தான் அதிகம் பார்க்கிறேன். உரம் நிறையப் போட்ட வயலில்கூட நெல் எடுக்கும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் மண்ணின் சொந்தக் கையிருப்பில் இருந்துதான் வருகிறது. அந்தக் கையிருப்பைத்தான் ஆண்டுக்கு ஆண்டு தின்றுகொண்டிருக்கிறோம்.

கார்பனை மட்டும் கொட்டினாலும் ஆகாது. அறுவடை இயந்திரம் விட்டுப்போன வைக்கோலை அப்படியே மடக்கி உழுது, உடனே நட்டுப் பாருங்கள். பத்து நாளில் பயிர் மஞ்சளாகும். வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு அறுபது, எழுபது பங்கு கார்பன் இருக்கிறது. அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாமல், மண்ணில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி இவற்றைப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் அந்தச் சிக்கல் இல்லை. அவற்றில் இரண்டும் நல்ல விகிதத்தில் சேர்ந்தே இருக்கும். சம்பா அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்பே, நிற்கும் கதிருக்கு நடுவே மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்து தூவிவிடும் டெல்டாப் பழக்கமும் இதைச் சேர்ந்ததுதான். நெல் வாங்கிய கடனைப் பனி ஈரத்தில் வளரும் உளுந்து கொஞ்சம் அடைத்துவிட்டுப் போகும்.

அப்புறம் கிடை. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலெல்லாம் தாளும் புல்லும் மேய்ந்த ஆடுகள் ராத்திரி நம் வயலில் அடையும். இத்தனை ஆட்டுக்கு, இத்தனை ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுப்பார்கள். விடியற்காலையில் அந்த வயலோரம் போனால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். ஆட்டு மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான். மூட்டையில் இருக்கும் அதே மூலக்கூறு, அணுவுக்கு அணு வித்தியாசம் கிடையாது. உயிருள்ள உடம்பால் மட்டுமே செய்ய முடியும் என்று நம்பப்பட்ட அந்தப் பொருளை 1828இல் ஃபிரீட்ரிக் வோலர் சோதனைக்கூடத்தில் செய்துகாட்டியபோது வேதியியலே திரும்பிப் பார்த்தது. கிடையில் அந்த யூரியா தனியாக வருவதில்லை. புழுக்கையின் கார்பனும் கூடவே வருகிறது. வயல் காய்ந்திருப்பதால் அது மீத்தேனாகப் போகாமல் மெல்ல மக்குகிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேர்வதற்குள் மண்ணோடு மண்ணாகிவிடும்.

கடைசிக் கிடை எழுந்த காலையில் அப்பா உழவு ஓட்டிவிடுவார். வெயில் ஏறுவதற்குள் ஒரு சால் மேலோட்டமாக உழுது மூட வேண்டும் என்பார். பொழுது கிளம்பியும் டிராக்டர் வரவில்லை என்றால் வரப்பில் அங்கும் இங்குமாக நடப்பார். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டதற்கு, “வாடை அடிக்குது பாரு, அது மண்ணுக்குள்ள இருக்க வேண்டியதுப்பா” என்றார்.